மொட்டைமாடிச் சிறகவரை: பெங்களூரு மர்ஃபி டவுனில் இரண்டு ஆண்டுகள்

பின்னணி

பெங்களூரு மர்ஃபி டவுன் பக்கம் ஒரு சந்தில் இருக்கிற வீட்டின் மொட்டைமாடியில், 2023 பிப்ரவரி முதல் 2025 மார்ச் வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். வீட்டுக்காரர் ஃபிட்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் தருமபுரிப் பக்கம். இந்த ஊருக்கு வந்து நாற்பது வருடம் ஆகிறது. செடிகளைப் பார்த்துக்கொள்வது அவர் மனைவி. அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். நான் இரண்டு வீடு தள்ளி இருக்கிறேன். மாடித்தோட்டம் பற்றிக் குறிப்பேடு வைத்து எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. இருவரும் எழுதச் சம்மதித்தார்கள். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

செடி சிறகவரை. இறகு அவரை என்றும் சொல்வார்கள். கேரளத்தில் சதுரப்பயர், இலங்கையில் சிங்களவர்கள் தம்பல என்பார்கள். காயின் நான்கு மூலையிலும் நீளவாக்கில் சுருள் சுருளாகச் சிறகு ஓடும். குறுக்கே நறுக்கினால் ஒவ்வொரு துண்டும் நான்கு முனை நட்சத்திரமாக விழும். காய், கொழுந்து, பூ, முற்றிய விதை, வேரில் திரளும் கிழங்கு என்று இதில் எல்லாமே உணவு. முற்றிய விதையில் மூன்றில் ஒரு பங்கு புரதம் இருக்கிறது, சோயாவுக்கு நிகர். 1975இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் வெப்ப நாடுகளுக்கான புரதப் பயிர் என்று இதைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. இத்தனை இருந்தும் பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டில் இதை நான் கண்ணால் கண்டதில்லை.

இந்தக் கொடியைப் பற்றி ஆரம்பத்திலேயே தெரிந்திருக்க வேண்டிய இரண்டு விஷயங்கள் எங்களுக்குத் தெரியவில்லை. ஒன்று, இது பல்லாண்டுக் கொடி. மேலே காய்ந்தாலும் கிழங்கிலிருந்து மறுபடி தளிர்க்கும். ஒரு பருவத்தோடு பிடுங்கிப்போடுவது நம் வசதிக்காக நாம் செய்வது. இரண்டு, இது இரவின் நீளத்தை அளந்து பூக்கும் செடி. இந்த இரண்டும் தெரியாததால் கொடியை இரண்டு முறை வெட்டி எறியப் பார்த்தோம்.

விதைப்பு: 2023 பிப்ரவரி

ஒரு விதைப் பகிர்வில் அக்காவுக்குப் பத்து விதை கிடைத்தது. பழுப்பு நிறம், பட்டாணி அளவு, கல் போலக் கெட்டி. மாசி மாதம் அவரை, புடலை போடுகிற கையோடு இதையும் போட்டுவிட்டார். முதலில் ஊன்றிய நான்கு விதை மூன்று வாரம் ஆகியும் முளைக்கவில்லை. தோண்டிப் பார்த்தால் போட்டது போட்டபடி, நனைந்த அடையாளமே இல்லாமல் கிடந்தன.

மீதி ஆறை வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டார். விதையின் கண் இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கத்தை உப்புத்தாளில் நான்கைந்து தேய்ப்பு தேய்த்தார். தோல் மங்கி உள்ளே வெளிறியது தெரிந்ததும் நிறுத்தினார். இரவு தண்ணீரில் போட்டுக் காலையில் பார்த்தால் ஆறும் உப்பி இரண்டு மடங்காகியிருந்தன. ஒன்பது நாளில் ஐந்து முளைத்தன. முதலில் போட்ட நான்கில் ஒன்று மார்ச் கடைசியில் தானாக எட்டிப் பார்த்தது. ஆக மொத்தம் ஆறு செடி.

200 லிட்டர் நீல டிரம்களைக் குறுக்கே அறுத்த மூன்று பாதிகளில் இரண்டிரண்டாக வைத்தார்கள். ஈர மண்ணோடு ஒரு பாதி நூறு கிலோவுக்கு மேல் வரும் என்பதால் மேற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி, பீம் ஓடுகிற இடமாகப் பார்த்து வரிசையாக வைத்தார்கள். வடக்குக் கோடியில் தண்ணீர்த் தொட்டியின் பின்னால் முதல் டிரம், நடுவில் இரண்டாவது, தெற்குக் கோடியில் மூன்றாவது. முதலுக்கும் மூன்றாவதற்கும் புது மண்: செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மக்கிய மாட்டெரு. இரண்டாவதற்கு மட்டும் போன வருடம் தக்காளி போட்ட பழைய மண்ணையே எருக் கலந்து நிரப்பினார்கள். இந்த வேறுபாட்டை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஏழு மாதம் இலை மட்டும்

முதல் ஐந்து வாரம் செடி ஒரு சாண் தாண்டவில்லை. அப்புறம் பிடித்தது வேகம். ஜூனில் சவுக்குக் கம்புப் பந்தலை மூடி, துணி காயப்போடும் கம்பியில் தாவி, தொட்டியின் குழாயையும் சுற்றிக்கொண்டது. ஜூலைக் காற்றில் பந்தல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கம்பியால் இழுத்துக் கட்டினார்கள். ஆனால் பூ இல்லை.

சத்துப் போதவில்லை என்று முதலில் நினைத்தோம். கூடுதல் எரு வைத்தார்கள். தேங்காய்ப்பாலும் மோரும் கலந்து புளிக்கவைத்த தேமோர்க் கரைசலைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறையாக மூன்று தரம் தெளித்தார்கள். இலை இன்னும் கரும்பச்சையாகிப் பளபளத்ததுதான் மிச்சம். ஆகஸ்டில் அக்கா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“ஆறு மாசமா தண்ணி ஊத்துறேன் தம்பி. ஒரு பூ வைக்கல. வெட்டிட்டுப் பாகல் போடலாங்கறார் இவர்.”

“இது அவரைக் குடும்பங்க்கா. மொச்சை எப்போ காய்க்கும் நம்ம ஊர்ல?”

“மார்கழி, தை.”

“ஏன் சித்திரையில காய்க்கிறதில்ல?”

அக்கா பதில் சொல்லவில்லை. ஆனால் அன்று வெட்டவில்லை.

அந்த முடிவுக்கான காரணம் இது. சிறகவரை குறும்பகல் செடி. பகல் சுருங்கி இரவு நீளும்போதுதான் பூ மொட்டுக் கட்டும். பெங்களூரு நிலநடுக்கோட்டுக்கு 13 பாகை வடக்கே இருக்கிறது. ஜூனில் இங்கே பகல் 12 மணி 50 நிமிடத்துக்கு மேல். டிசம்பரில் 11 மணி 20 நிமிடம் அளவுக்குக் குறையும். வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். நமக்குச் சட்டென்று உறைக்காத அளவு, செடிக்கு அதுவே போதும். மாசியில் விதைத்தால், அது வளர்ந்து ஆளாகும்போது பகல் நீண்டுகொண்டே போகிறது. ஜூன் கடைசியிலிருந்து இரவு மெதுவாக நீண்டாலும், செப்டம்பர் கடைசியில் பகலும் இரவும் சமமாகி, அதற்கப்புறம்தான் இரவு பகலைவிட நீளமாகும். அதனால் ஐப்பசி வரை பொறுப்பது, அதுவரை எருவைக் குறைப்பது என்று முடிவெடுத்தோம்.

இந்த ஏழு மாதமும் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். கொழுந்தைக் கிள்ளிப் பாசிப்பருப்போடு கூட்டு வைத்தால் முருங்கைக்கீரைக்கும் அவரைக்கும் நடுவில் ஒரு மணம். வாரம் இரண்டு நாள் அந்த வீட்டில் அதுதான் கீரை.

ஐப்பசியில் தெரிந்த வேறுபாடு

அக்டோபர் 17 அன்று முதல் டிரம்மில் மொட்டு வந்தது. ஒரு வாரத்தில் பூ, வெளிறிய நீலம், உள்பக்கம் வெள்ளை. கருவண்டு போன்ற தச்சன் தேனீ காலையில் வந்து பூவை அழுத்தித் திறப்பதை அக்கா தினமும் நின்று பார்த்தார். செடி காத்திருந்தது பருவத்துக்காகத்தான் என்று தெளிவானது.

ஆனால் மூன்றாவது டிரம்மில் ஒரு மொட்டுக்கூட இல்லை. அதே விதை, அதே வயது, அதே எரு. சொல்லப்போனால் மூன்றாவது டிரம் கொடிதான் மூன்றிலும் கொழுத்தது. இரண்டாவது டிரம்மில் இன்னும் விசித்திரம். தொட்டியின் நிழல் விழும் உள்பக்கக் கிளைகளில் மொட்டு. வெளிப்பக்கம் பார்த்த கிளைகளில் இலை மட்டும். ஒரே கொடி பாதி பூத்து, பாதி பூக்காமல் நின்றது.

தண்ணீரை, வெயிலை, மண்ணை எல்லாம் ஒப்பிட்டுப் பார்த்தேன், எதிலும் விடை இல்லை. ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு, நத்தை மேய்கிறதா பார்க்கலாம் என்று டார்ச்சோடு மாடி ஏறினேன். அக்கா பின்னால் வந்தார்.

“டார்ச்செல்லாம் எதுக்குத் தம்பி? அந்த லைட் போட்டதுலேர்ந்து இங்க ராத்திரியே கிடையாது.”

சொன்ன பிறகுதான் இருவரும் அதைத் திரும்பிப் பார்த்தோம். தெற்கே அடுத்த கட்டடத்தின் சுவரில் ஒரு எல்.இ.டி. ஃபோகஸ் விளக்கு. அந்தத் தெருவில் பைக் திருட்டு நடந்த பிறகு மே மாதம் போட்டது. சந்துப் பக்கம் பார்த்து மாட்டியிருந்தாலும் வெளிச்சத்தில் பாதி எங்கள் பக்க மாடியில்தான் விழுந்தது. மூன்றாவது டிரம் அருகே நின்று தினத்தந்தியைப் பிரித்தேன். சின்ன எழுத்தைக்கூடப் படிக்க முடிந்தது. இரண்டாவது டிரம் அருகே தலைப்பு மட்டும் தெரிந்தது. முதல் டிரம் தொட்டிக்குப் பின்னால் இருட்டில் இருந்தது.

இருட்டின் நீளத்தை அளப்பது செடியின் இலை. இலையிலுள்ள ஃபைட்டோகுரோம் என்ற நிறமி, வெளிச்சம் நின்ற நேரத்திலிருந்து மெதுவாக மாறிக்கொண்டே வரும். நடுவில் வெளிச்சம் பட்டால் அந்த மாற்றம் கலைந்து, செடிக்கு அந்த இரவு குட்டை இரவு ஆகிவிடும். குறும்பகல் செடிகளுக்குப் பகலைவிட இரவின் தொடர்ச்சிதான் முக்கியம். தெருவிளக்கை ஒட்டிய வயல்களில் சோயா பூக்காமல் பச்சையாகவே நிற்பதும் இதனால்தான்.

விளக்குக்குத் தொப்பி: 2023 நவம்பர்

எங்களுக்கு முன்னால் நான்கு வழி இருந்தது. விளக்கை அணைக்கச் சொல்வது: திருட்டுப் பயத்தில் போட்ட விளக்கை அணைக்கச் சொல்வது நியாயமில்லை. டிரம்மை நகர்த்துவது: நூறு கிலோ, கொடியோ பந்தலோடு பின்னிக்கிடக்கிறது. தினமும் மாலை ஆறு மணிக்குக் கறுப்புத் துணி போட்டுக் காலையில் எடுப்பது: இரண்டு நாள் செய்து பார்த்தார்கள், கொழுந்து முறிந்தது, அக்காவுக்கு முட்டிவலியும் வந்தது. கடைசி வழி, விளக்கின் மேலே மறைப்புப் போடுவது.

வீட்டுக்காரர் பதினைந்து லிட்டர் எண்ணெய் டின் ஒன்றை வெட்டினார். ஒரு பக்கமும் மேல்பக்கமும் மட்டும் இருக்கும்படி மடித்து, ஓரத்தை அரத்தால் மழுக்கி, இரண்டு எல் கிளாம்ப் வைத்தார். அடுத்த கட்டடத்துச் செயலாளரிடம் அக்காதான் கன்னடத்தில் பேசினார். சந்துக்கு வெளிச்சம் குறையாது, எங்கள் மாடிக்கு மட்டும் விழாது என்று சொல்லி, ஒரு கை கொழுந்தையும் கொடுத்துவிட்டு வந்தார். மறுநாளே வாட்ச்மேன் ஏணி பிடிக்க, நவம்பர் முதல் வாரத்தில் தொப்பி ஏறியது. அன்று இரவு மூன்றாவது டிரம் அருகே பேப்பரின் தலைப்பைக்கூடப் படிக்க முடியவில்லை.

டிசம்பர் 9 அன்று மூன்றாவது டிரம்மில் முதல் மொட்டு. ஏறக்குறைய ஐந்து வாரம். அதே வாரங்களில் இரவும் இயல்பாக நீண்டுகொண்டுதான் இருந்தது. எல்லாப் பெருமையையும் தொப்பிக்கே கொடுக்கக் கூடாது. ஆனால் அதே இரவுகளில், அதே வயதில், இருட்டில் இருந்த கொடி ஏழரை வாரம் முன்னதாகப் பூத்துவிட்டதே. அதை வேறு எப்படியும் என்னால் விளக்க முடியவில்லை.

முதல் பருவ மகசூல், அக்கா சமையலறைத் தராசில் நிறுத்துக் காலண்டரில் குறித்தது: முதல் டிரம் 2 கிலோ 100, இரண்டாவது 700 கிராம், மூன்றாவது 400 கிராம். காயை விரல் நீளத்திலிருந்து ஒரு சாணுக்குள் பறித்துவிட வேண்டும். வளைத்தால் படக்கென்று ஒடிய வேண்டும். இரண்டு நாள் தள்ளினால் சிறகு நாராகிவிடும். பொடியாக நறுக்கி, பச்சைமிளகாயும் தேங்காயும் போட்டுப் பொரியல். எட்டு நிமிடத்துக்கு மேல் வேகவிட்டால் மொறுமொறுப்புப் போய்விடும்.

விதைக்காக விட்ட காய்கள் பிப்ரவரி வெயிலில் கறுத்துக் காய்ந்தன. ஒரு மதியம் மாடியில் ‘டப்’ என்று சத்தம் கேட்டு அக்கா ஓடிப்போய்ப் பார்த்தால், காய் வெடித்து விதை தரையெல்லாம் சிதறிக் கிடந்தது. சொஃபோகார்ப்பஸ் என்ற இதன் தாவரவியல் பெயருக்குக் கிரேக்க மொழியில் ‘ஓசையெழுப்பும் கனி’ என்று பொருள்.

தண்ணீர் இல்லாத பங்குனி: 2024 மார்ச்

அந்த வருடக் கோடையை பெங்களூருவில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். போர்வெல்கள் வற்றின, லாரித் தண்ணீர் விலை ஏறியது. மார்ச்சில் குடிநீர் வாரியம், குடிநீரைச் செடிக்கு ஊற்றவும் வண்டி கழுவவும் கட்டடம் கட்டவும் தடை போட்டது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். இந்த வீட்டு போர்வெல்லும் பிப்ரவரியிலேயே காற்றை மட்டும் இறைக்கத் தொடங்கியிருந்தது. குடிக்கவே குறைவாக இருக்கும்போது கொடிக்கு ஊற்றுவது எங்கள் யாருக்கும் மனதுக்கு ஒப்பவில்லை. தடை இல்லாவிட்டாலும் அக்கா நிறுத்தியிருப்பார்.

இரண்டு வாரத்தில் இலை உதிர்ந்தது. மார்ச் கடைசியில் பந்தலில் சருகும் கயிறு போலக் காய்ந்த தண்டும்தான். பிடுங்கிப் போட்டுவிட்டு மழைக்குப் புதிதாக விதைக்கலாம் என்று இந்த முறை நானே சொன்னேன். வெட்டக் கூடாது என்று ஆகஸ்டில் சொன்ன ஆள் நான். அக்காதான் கேட்டார்: “அடியில கிழங்கு இருக்கும்னு நீங்கதான சொன்னீங்க?”

சரி, ஒரு டிரம்மை மட்டும் திறந்து பார்ப்போம் என்று தீர்மானித்தோம். இரண்டாவது டிரம்மைத் தேர்ந்தெடுத்தோம். தண்ணீர் நிறுத்தும் முன்பே அதன் இலைதான் முதலில் மஞ்சளானது.

மண்ணுக்குள்ளே

டிரம்மைச் சாய்த்து மண்ணைச் சாக்கில் கொட்டினோம். தண்டின் அடியிலிருந்து கட்டைவிரல் பருமனில், விரல் நீளத்தில் ஆறேழு கிழங்கு. தோல் பழுப்பு, கீறினால் உள்ளே பால் வெள்ளை. மேலே சருகாக இருந்த செடி, கீழே ஈரம் கசியக் கெட்டியாக இருந்தது. அக்கா அதைக் கையில் வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

கூடவே சிக்கலும் தெரிந்தது. மெல்லிய வேர்களில் குண்டுமணி குண்டுமணியாக முடிச்சு. பக்கத்து வீட்டுப் பெரியவர் பார்த்ததும், வேர்முடிச்சு விழுந்துவிட்டது, மூன்று டிரம்மையும் கொட்டிவிடுங்கள் என்றார். இங்கே தமிழில் ஒரு வார்த்தைக் குழப்பம் இருக்கிறது. பயறு வகைகளின் வேரில் நன்மை செய்யும் பாக்டீரியா குடியிருக்கும் இடத்தையும் வேர்முடிச்சு என்கிறோம். வேரைக் கெடுக்கும் நூற்புழுவின் பெயரும் வேர்முடிச்சு நூற்புழு. ஒன்று காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுப்பது, மற்றது செடியைத் தின்பது. இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால் நல்ல செடிகளைப் பிடுங்கி எறிகிறவர்கள் உண்டு.

நகத்தால் பிரித்துப் பார்த்தோம். பெரும்பாலான உருண்டைகள் வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருந்தன. தேய்த்ததும் கழன்று விழுந்தன. சிலது காய்ந்து சுருங்கியிருந்தன. ஈரமாக இருந்த ஒன்றை இரண்டாகக் கீறியபோது உள்ளே இளஞ்சிவப்பு, நம் ரத்தத்தின் சிவப்புக்கு உறவான ஒரு பொருளால் வரும் நிறம். அது வேலை செய்யும் பாக்டீரியா முடிச்சு. ஆனால் சில வேர்கள் வேறு மாதிரி இருந்தன. அங்கே வேரே வீங்கி, ஜெபமாலை கோத்தது போலத் தொடர்ச்சியாகப் புடைத்திருந்தது. தேய்த்தால் கழலவில்லை, கீறினால் உள்ளே சிவப்பில்லை. அது நூற்புழு. தக்காளிக்கு அந்தப் புழு மிகவும் பிடிக்கும். பழைய தக்காளி மண்ணைப் போட்டது இந்த டிரம்மில்தான்.

பெரியவர் சொன்னது பாதி சரி. ஆனால் மற்ற இரண்டு டிரம்களையும் கொட்டுவதற்கு அது காரணமாகாது. அவற்றின் ஓரத்தில் ஒரு கை ஆழம் மட்டும் தோண்டி வேரைப் பார்த்தோம். கழன்று விழும் முடிச்சு மட்டுமே இருந்தது.

முடிவு இப்படி: இரண்டாவது டிரம்மின் செடி, கிழங்கு இரண்டையும் உரக்குழியில் போடாமல் அப்புறப்படுத்துவது. நூற்புழு சூட்டில் சாக மண்ணைத் தளத்தில் விரித்து, காய்கறி கழுவிய நீரால் நனைத்து, கண்ணாடித்தாள் போன்ற தெளிந்த பாலித்தீனால் மூடி ஓரத்தை மண் வைத்து அடைத்து ஆறு வாரம் ஏப்ரல், மே வெயிலில் விடுவது. பிறகு அந்த டிரம்மில் ஒரு பருவம் செண்டுமல்லி மட்டும் வைப்பது. மற்ற இரண்டிலும் தண்டை ஒரு சாண் விட்டு வெட்டி, சருகையும் தேங்காய் மட்டையையும் மேலே பரப்பி, மூன்று நாளுக்கு ஒரு முறை அரிசி கழுவிய தண்ணீர் மட்டும் ஊற்றுவது.

மறுதளிர்

மே மாதம் மழை விழுந்தது. மே 14 காலை அக்கா எனக்கு ஒரு போட்டோ அனுப்பினார், கீழே ஒரே வார்த்தை: “வந்துடுச்சு.” முதல் டிரம்மில் மட்டையை ஒதுக்கிக்கொண்டு ஊதாச் சாயலில் ஒரு முனை. அந்த வாரத்திலேயே மீதி இருந்த நான்கில் மூன்று தளிர்த்தன.

நான்காவது வரவில்லை. மூன்றாவது டிரம்மில் தோண்டிப் பார்த்தால் கிழங்கு கூழாகி அழுகியிருந்தது. வடிகால் துளை நார்க்கழிவால் அடைபட்டு, அரிசிக் கழுநீர் அந்த மூலையில் தேங்கியிருக்கிறது. வறட்சியைத் தாங்கிய கிழங்கு தேக்கத்தைத் தாங்கவில்லை. துளையைக் கம்பியால் குத்திவிட்டார்கள். நல்ல வேளை, ஜூன் 2 அன்று இந்த நகரில் ஒரே நாளில் 111 மில்லிமீட்டர் கொட்டியபோது டிரம் வடிந்துவிட்டது.

விதையிலிருந்து வந்தபோது ஐந்து வாரம் ஒரு சாணில் நின்ற கொடி, கிழங்கிலிருந்து வந்தபோது ஆறு வாரத்தில் பந்தலை எட்டியது. நடுவில் ஜூலையில் அடுத்த கட்டடத்துக்குப் பெயின்ட் அடித்தவர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டார்கள். வாட்ச்மேனே ஆகஸ்டில் மாட்டிக்கொடுத்தார்.

செப்டம்பர் 28இல் முதல் டிரம்மிலும் அக்டோபர் 6இல் மூன்றாவதிலும் மொட்டு வந்தது. போன வருடம் இரண்டுக்கும் இடையே ஏழரை வாரம் இருந்தது. இந்த வருடம் எட்டு நாள்.

கிழங்கு: 2025 பிப்ரவரி

இந்தக் கொடியைக் கிழங்குக்காகவே வளர்க்கிறவர்கள் மியான்மரிலும் பப்புவா நியூ கினியின் மலைப்பகுதியிலும் இருக்கிறார்கள். நியூ கினியில் பூவைக் கிள்ளிவிடுவார்கள். காய்க்குப் போக வேண்டியது கிழங்குக்குப் போகும் என்பது அவர்கள் அனுபவம். அதை இங்கே செய்து பார்க்க முடிவு செய்தோம். முதல் டிரம்மின் இரண்டு செடிகளில் ஒன்றைக் காய்க்க விட்டு, மற்றதன் பூவைத் தினமும் காலையில் அக்கா கிள்ளினார். கிள்ளிய பூ பஜ்ஜி மாவில் போயிற்று.

காய்க்க விட்ட செடி 2 கிலோ 300 காயும், தோண்டியபோது 280 கிராம் கிழங்கும் தந்தது. பூக்கிள்ளிய செடியில் கிழங்கு 520 கிராம். ஒரே டிரம்மில் வேர் பின்னிக் கிடந்ததைப் பிரித்து நிறுத்த கணக்கு இது, ஒவ்வொன்றும் ஒரே செடி. இதை வைத்து விகிதம் சொல்லக் கூடாது. போக்கு மட்டும் நியூ கினிக்காரர்கள் சொல்வதோடு ஒத்துப்போகிறது. மூன்றாவது டிரம்மின் ஒற்றைச் செடியிலிருந்து 2 கிலோ 600 காய். முந்தைய வருடம் அதே டிரம்மில் இரண்டு செடியுமாக 400 கிராம்தான்.

கிழங்கைத் தோல் சீவி, உப்புப் போட்டு ஆவியில் வேகவைத்தோம். உருளையைவிடக் கெட்டி, மரவள்ளியைவிட நார் குறைவு, மெல்லிய இனிப்பு, கடைசியில் வேர்க்கடலை வாசனை. பச்சைக் கிழங்கு 100 கிராமில் 11 கிராமுக்கு மேல் புரதம் இருக்கும். உருளையில் 2 கிராம், மரவள்ளியில் அதைவிடக் குறைவு. அரிசிச் சோறும் ரசமும் அதிகம் சாப்பிடுகிற வீட்டில் இந்த எண் எனக்குப் பெரிதாகப்படுகிறது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

மாசியில் விதைக்க மாட்டோம். ஜூன் கடைசியிலிருந்து ஜூலைக்குள், ஆனி ஆடியில் போட்டால் கொடி மூன்று மாதத்தில் தயாராகிப் பூக்கும் பருவத்தோடு சேர்ந்துகொள்ளும். ஏழு மாதத் தண்ணீரும் கவலையும் மிச்சம். கீரைக்காகவே வளர்ப்பவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் முன்னதாகவே போடலாம்.

டிரம்மை வைக்கும் முன் இரவில் ஒரு முறை மாடி ஏறிப் பார்க்க வேண்டும். வெயில் எங்கே விழுகிறது என்று பகலில் பார்க்கிறோம். இருட்டு எங்கே இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பேப்பரின் தலைப்பு படிக்க முடிகிற இடத்தில் இந்தக் கொடியை வைக்கக் கூடாது என்பது எங்கள் அளவுகோல். பூக்காத கொடிக்குக் கரைசலை மாற்றி மாற்றித் தெளிக்கும் முன்பும் இதைச் செய்திருக்கலாம். விளக்கு மே மாதமே வந்துவிட்டது, நாங்கள் அக்டோபர் கடைசியில்தான் கவனித்தோம்.

தக்காளி, கத்தரி, வெண்டை இருந்த மண்ணைச் சூடு காட்டாமல் இதற்குப் போடக் கூடாது. ஒரு டிரம்முக்கு ஒரு செடி போதும். தூங்கும் கிழங்குக்கு மண் உதிர்ந்துபோகாத அளவு ஈரம் இருந்தாலே சரி. துளையை முதலில் பார்க்க வேண்டும்.

முற்றிய விதை பற்றி ஒன்று. வீட்டுக்காரர் அதை வேர்க்கடலை போல வறுத்துக் கொறிக்க நினைத்தார், நான் தடுத்தேன். பச்சை விதையில் செரிமானத்தைத் தடுக்கும் பொருட்கள் உண்டு. இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழைய வேகவைத்த பிறகுதான் சாப்பிட வேண்டும். சுண்டலாகச் செய்தபோது தோல் கெட்டியாக இருந்தது, ருசி நன்றாக இருந்தது.

2025 மார்ச்சில் மூன்றாவது டிரம் கிழங்கைத் தோண்டாமல் அப்படியே மட்டை போட்டு மூடியிருக்கிறார்கள். இரண்டாவது டிரம்மில் செண்டுமல்லி முடிந்துவிட்டது. சேர்த்த விதையில் பத்துப் பத்தாக அக்கா பொட்டலம் கட்டிக் கேட்டவர்களுக்குக் கொடுக்கிறார். பொட்டலத்தின் மேல் பேனாவால் மூன்று வரி எழுதியிருக்கிறார்: உப்புத்தாளில் தேய்க்கவும். ஆடியில் போடவும். லைட் இல்லாத பக்கம் வைக்கவும்.